அங்கீகார நசுங்கல்

கண்டிப் பக்கத்தில் பாவித்த பழைய வேன் வாங்கப் போகிறவர் முதலில் தன் மூக்கைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். எஞ்சினை அப்புறம் பார்க்கலாம். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லியிருந்தால் நானும் ஊரிலுள்ள மற்றவர்களைப் போல ஒரு முச்சக்கர வண்டியை வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருப்பேன். என் விலா எலும்பும் சும்மா இருந்திருக்கும்.

என் பெயர் ஹபீல். திகனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு மேலேயே வீடு. மகள் நுஹா கல்யாணமாகி மாத்தளையில் இருக்கிறாள். வீட்டில் நானும் மனைவி ரபீகாவும் மட்டும்தான்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் ஊரில் கடைகளை அடித்துத் தீ வைத்தார்களே, அன்றைக்கு நான் கண்ணாடிச் சட்டங்கள் வாங்கக் கொழும்பு போயிருந்தேன். ரபீகா மேல் மாடியில் தனியாக இருந்தாள். கீழே எங்கள் கடை ஷட்டரில் பொல்லுத் தடிகளால் அடித்துக்கொண்டே இருந்தார்களாம். ஷட்டர் விழவில்லை. அடுத்த கடைக்குப் போய்விட்டார்கள். மறுநாள் வர வேண்டியவர்கள் எல்லோரும் வந்து பார்வையிட்டு, தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகு ரபீகா செருப்பைக் கழற்றாமலேதான் படுப்பாள். கடை திறந்திருக்கும் நாட்களில் ஒருவாறு கண் அயர்வாள். சனி ஞாயிறு கடைத்தெரு அடங்கிவிட்டால் சுவரில் முதுகைச் சாய்த்துக் குந்தியபடியே விடிய விடிய இருப்பாள். மாத்திரை கொடுத்தார்கள், ஓதித் தண்ணீர் கொடுத்தார்கள். இரண்டையும் குடித்துவிட்டு விழித்திருந்தாள்.

ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "நுஹாட வாப்பா, ஊடு ஓடாது. ஊட்டுல ஈக்கிற கொற அதுதான். சில்லு வெச்ச ஊடு ஒண்டு பாருங்க. சனி ஞாயிறு மட்டும் போதும். எங்கயாச்சும் போய் அதுக்குள்ள படுப்போம். யாரும் வந்தா ஓடிருவோம்."

இதைச் சொல்வதற்கு ஒரு வருடத்துக்கு முன்பே அவள் வாகனம் ஓட்ட லைசன்ஸ் எடுத்திருந்தாள் என்பதையும், எதற்கு எடுத்தாள் என்பதையும் அப்போதுதான் விளங்கிக்கொண்டேன்.

உள்ளே கட்டிலும் அடுப்பும் பொருத்திய வேனுக்குக் கேம்பர் வேன் என்று பெயராம். புதிதாக வாங்குவதைப் பற்றி எங்களைப் போன்றவர்கள் யோசிக்கவே வேண்டியதில்லை. எனவே பாவித்த வேன் தேடி பிலிமத்தலாவைக்குப் போனோம். அங்கே கணேஸ் என்பவர் பழைய வேன்களுக்குள் கட்டில் அடித்து விற்கிறார். நல்ல மனிதர். நான் முதலில் பார்த்தபோது அவருக்கு எல்லாப் பற்களும் இருந்தன.

முதல் வேன் நீளமானது, கறுப்பு நிறம்.

"ஏறிப் பாருங்க நானா," என்றார் கணேஸ். "கட்டில் ஆறடிக்கு மேல. எந்த ஆளும் காலை மடக்காம படுக்கலாம்."

"முன்ன இது என்னத்துக்கு ஓடின?"

"சேவைக்கு ஓடிச்சு."

"என்ன சேவை?"

"கடைசிச் சேவைதான் நானா. ஆனா ஒண்ணு, இதுல படுத்தவங்க ஒருத்தரும் இன்னிக்கு வரைக்கும் எழும்பிக் கொறை சொன்னதில்ல."

நான் இறங்கப் பார்த்தேன். ரபீகா இறங்கவில்லை. ஜனாஸா வேனின் கட்டிலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் யோசித்தாள். "நல்ல வேன்," என்றாள். "மய்யித்து வேன ரோட்டுல எவனும் மறிக்க மாட்டான்."

அவ்வளவுதான், பேசி முடித்தோம். அப்போதுதான் கணேஸ் குரலைத் தாழ்த்தி, "சபைல தட்டிட்டுத்தான் நானா வேனை உங்க பேருக்கு மாத்த ஏலும்," என்றார். சொல்லும்போதே கையால் மூக்கை மூடிக்கொண்டார். ஏன் என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

சபையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பழைய வாகனம் வாங்குகிறவர்கள் விரல் முட்டியால் அதன் உடம்பைத் தட்டிப் பார்ப்பது வழக்கம். நல்ல தகரம் டங் என்று கேட்கும். துருப்பிடித்த ஓட்டைக்கு மேல் பட்டி பூசிப் பெயின்ட் அடித்திருந்தால் தொப் என்று கேட்கும். காசு செலவில்லாத, யாருக்கும் வலிக்காத வழக்கம். அது அப்படியே இருந்திருக்கும். ஆனால் பெரிய இடத்து மனிதர் ஒருவரின் மச்சான் தட்டிப் பார்க்காமல் ஒரு வேன் வாங்கினார். மஹியங்கனை வீதியில் பதினெட்டு வளைவில் இறங்கும்போது வேனின் பக்கச் சுவர் பட்டியோடு கழன்று பள்ளத்தில் விழுந்தது. மச்சானுக்குச் சளி பிடித்தது. உடனே மக்களைப் பாதுகாக்கத் தீர்மானித்தார்கள். இப்படித்தான் பாவித்த வாகனத் தட்டுப் பரிசோதனைச் சபை பிறந்தது.

சபை வத்தேகமவுக்கு அப்பால், ஒரு பழைய தேயிலைக் களஞ்சியத்தில் இயங்குகிறது. முன்னால் பெரிய முற்றம். வாசலில் மூன்று மொழிகளிலும் பலகை. சபைக்குச் சொந்தமாக மினுமினுவென்று ஒரு வெள்ளை ஜீப். சுவரில் வரிசையாக ஆயுதங்கள். மன்னிக்கவும், உபகரணங்கள்: மரச் சுத்தியல், இரும்புச் சுத்தியல், அலவாங்கு, ஒரு அடுக்கு நிறையப் பொல்லுகள். கனிஷ்ட தட்டுநர்கள் விரலால் தட்டுவார்கள். சிரேஷ்ட தட்டுநர்கள் மரச் சுத்தியலால் தட்டுவார்கள். இரும்பைத் தொடும் உரிமை பிரதம தட்டுநர் சந்திரகுமாருக்கு மட்டும். அவர் பெருத்த தோள்களும் கூச்ச சுபாவமும் உள்ளவர். அடிப்பதற்கு முன் ஒவ்வொரு தடவையும் "மன்னிச்சுக்கங்க" என்பார்.

தேறிய வேனுக்குச் சபை ரப்பர் முத்திரை குத்துவதில்லை. இடது பக்கக் கதவில் இரும்புச் சுத்தியலால் ஓர் அடி. அந்தப் பள்ளத்துக்கு அங்கீகார நசுங்கல் என்று பெயர். அது இருந்தால்தான் பெயர் மாற்றலாம். ஆனால் நான் போன நாள்வரை சபை வரலாற்றில் எந்த வேனும் தேறியதில்லை என்று காவலாளி பெருமையோடு சொன்னார்.

கறுப்பு வேனோடு நாங்கள் போய் இறங்கியதும் குத்துவிளக்கு ஏற்றினார்கள். ஆளுக்கொரு வெற்றிலை கொடுத்தார்கள். முன்னர் பரிசோதிக்கப்பட்ட வேன்களுக்காக இரண்டு நிமிட மௌனம் காத்தார்கள். பிறகு சபையின் தலைவர் ராஜரத்தினம் எழுந்தார். கோட் போட்ட ஒல்லியான மனிதர்.

"இந்த நாட்டுல ஏன் எல்லாம் இத்துப் போயிருக்கு?" என்று கேட்டார். நாங்கள் ஐந்தாறு பேர்தான் இருந்தோம். ஆயிரம் பேருக்குக் கேட்கும்படி கேட்டார். "ஒருத்தரும் அடிச்சுப் பார்க்காததால! விரலால தட்டுறீங்க. விரல் பயந்தது, விரல் பொய் சொல்லும். பொல்லு பொய் சொல்லாது. எங்க சபை ஆரம்பிச்ச நாள்ல இருந்து ஒரு பொதுமகனாவது ஏமாந்து வேன் வாங்கியிருக்காரா? இல்ல! ஏன்? ஒருத்தரும் வேன் வாங்கல!"

கனிஷ்ட தட்டுநர்கள் கை தட்டினார்கள்.

ஒரு கனிஷ்டர் வந்து கறுப்பு வேனை விரலால் தட்டினார். தொப். சிரேஷ்டர் மரச் சுத்தியலால் தட்டினார். பக்கச் சுவரில் கை போகிற அளவு ஓட்டை விழுந்தது. "பட்டி!" என்று கத்தினார் சந்திரகுமார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "மன்னிச்சுக்கங்க" என்று வேனிடம் சொல்லிவிட்டு இரும்பை ஓங்கினார்.

ஒரு ஓட்டையைக் கண்டதும் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். அங்கேதான் எனக்கு நிர்வாகம் தெரியவில்லை. பட்டி பூசிய வேன் இன்னொரு அப்பாவியின் கைக்குப் போய்விடக் கூடாதாம். எனவே கூரையை அடித்துக் கீழே கொண்டுவந்தார்கள். கண்ணாடிகளை உடைத்தார்கள். அலவாங்கைக் கதவிடுக்கில் விட்டுக் கதவைப் பிடுங்கினார்கள். கட்டிலைத் தூக்கி மதிலில் அடித்தார்கள். பறந்து வந்த கண்ணாடித் துண்டு ஒன்று கணேஸின் நெற்றியைக் கிழித்தது. ஒரு கனிஷ்டரின் பெருவிரல் சுத்தியலுக்குக் கீழே அகப்பட்டுத் தட்டையாகிவிட்டது. அவரை அன்றைக்கே சிரேஷ்டராக உயர்த்தினார்கள். கடைசியில் ஸ்டேரிங் மட்டும் முழுதாக மிஞ்சியது. சந்திரகுமார் அதைத் துடைத்து என் கையில் கொடுத்து, "ஞாபகத்துக்கு வச்சுக்கங்க நானா," என்றார்.

திரும்பிப் பார்த்தேன். ரபீகா வெளி மதிலில் முதுகைச் சாய்த்துக் குந்தியிருந்தாள். இரண்டு காதுகளுக்குள்ளும் விரல். பக்கத்தில் போய்க் குந்தினேன்.

"போவமா? இது வேணாம். ஊட்டுக்குப் போவோம்."

"ஊடு எனக்கு ஏலா," என்றாள். "அடுத்த வேனப் பாருங்க."

அடுத்தது தம்புள்ளைக்கு மரக்கறி ஓடிய வேன். உள்ளே எவ்வளவு கழுவினாலும் லீக்ஸ் வாடை போகாது. மற்றபடி அசல் தகரம். கணேஸ் நெற்றியில் பிளாஸ்டரோடு, இந்த முறை பயமில்லை என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

கனிஷ்டர் தட்டினார். டங். சிரேஷ்டர் தட்டினார். டங். சந்திரகுமார் மன்னிப்புக் கேட்டுவிட்டு இரும்பால் போட்ட போட்டில் மரத்திலிருந்த காகங்கள் எழுந்து பறந்தன. அப்போதும் டங்.

ராஜரத்தினத்தின் முகம் கறுத்தது.

"சத்தம் சரியா வருதே," என்றார்.

"ஓம் சேர், நல்ல வேன்," என்றேன் நான், விவரம் தெரியாமல்.

"முதலாளி, குறையில்லாத பழைய வேன் உலகத்துல கிடையாது. குறை தெரியலன்னா மறைச்சிருக்குன்னு அர்த்தம். வேன்ல மறைக்கலன்னா வேற எங்க மறைச்சிருப்பாங்க?" அவர் மெதுவாகக் கணேஸின் பக்கம் திரும்பினார். "உரிமையாளர் தட்டு!"

கணேஸ் ஓடினார். கேற்றைப் பூட்டியிருந்தார்கள். நான்கு கனிஷ்டர்கள் அவரை இழுத்துவந்து வேனின் பக்கத்தில் நிமிர்த்தி நிறுத்தினார்கள். சந்திரகுமார் அவரிடமும் மன்னிப்புக் கேட்டார். முதல் அடி மூக்கில். மூக்கு ஒரு பக்கம் போய்விட்டது. இரண்டாவது தாடையில். கணேஸ் கீழே விழுந்து இரத்தத்தோடு ஒரு கடைவாய்ப் பல்லைத் துப்பினார். சந்திரகுமார் குனிந்து பல்லை எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சேர்! பல்லை அடைச்சிருக்கு!"

"நான் சொல்லல?" என்றார் ராஜரத்தினம். "உள்ள சொத்தை, மேல பூச்சு! இப்படிப்பட்ட ஆளோட வேன் மட்டும் எப்படி நல்லதா இருக்கும்?"

வேன் தேறவில்லை. அதை உடைத்து முடிக்க மத்தியானம் வரை சென்றது, நல்ல தகரமல்லவா. இடையில் யாருக்கோ கொள்வனவாளரையும் தட்டிப் பார்த்தால் என்ன என்று தோன்றிவிட்டது. என்னை நிறுத்தி விலாவில் மரச் சுத்தியலால் ஒன்று போட்டார்கள். தொப் என்று கேட்டது.

"உள்ள என்ன மறைச்சு வச்சிருக்கீங்க?" என்றார் ராஜரத்தினம்.

"காலைல சாப்பிட்ட ரொட்டி சேர்," என்றேன். மூச்சு விட முடியவில்லை. ஒரு எலும்பில் வெடிப்பு என்று பிறகு வைத்தியர் சொன்னார்.

மூன்றாவது வேனை ரபீகாதான் தேர்ந்தெடுத்தாள். நீல நிறம், உயரக் கூரை, ஜன்னல்களில் தாரா வாத்துப் படம் போட்ட திரைச்சீலை. நான் அடுப்பைப் பார்த்தேன், தண்ணீர்த் தாங்கியைப் பார்த்தேன், அலுமாரிக் கதவைத் திறந்து மூடினேன். ரபீகா இவை எதையும் பார்க்கவில்லை. செருப்போடு கட்டிலில் நீட்டிப் படுத்துக் கண்ணை மூடினாள். திடீரென்று துள்ளி எழுந்து, முன் ஆசனங்கள் இரண்டுக்கும் இடையால் நுழைந்து, ஸ்டேரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தாள். மறுபடி போய்ப் படுத்தாள். மறுபடி ஓடிவந்து உட்கார்ந்தாள்.

"என்ன செய்றாங்க?" என்றார் கணேஸ். தாடையைச் சுற்றிக் கட்டுப் போட்டிருந்ததால் அரைவாசிதான் விளங்கியது.

"கதவத் தொறக்காம கட்டில்ல ஈந்து ஸ்டேரிங்குக்கு வர ஏலும்," என்றாள் ரபீகா. சிரித்தாள்; அவள் முகத்தில் சிரிப்பு எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. "நுஹாட வாப்பா, இதான் ஊடு. இத ஒடைக்க விட்டுறாதீங்க."

விடமாட்டேன் என்று சொன்னேன். எப்படி என்று எனக்குத் தெரியாது, ஆனாலும் சொன்னேன்.

சபையில் அன்றைக்கு வழக்கத்தைவிடக் கூட்டம். பஸ் தரிப்பிடத்தில் நின்றவர்களையும் கூப்பிட்டு முற்றத்தில் நிறுத்தி ஆளுக்கொரு பொல்லுக் கொடுத்திருந்தார்கள். வங்கிக்குப் போக வந்த உத்தியோகத்தர் ஒருவர் குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு பொல்லை வாங்கினார். இன்னொருவரின் ஒரு கையில் பாண் ரொட்டி, மறு கையில் பொல்லு.

"இன்னிக்குச் சபை வரலாற்றுல முக்கியமான நாள்," என்று தொடங்கினார் ராஜரத்தினம். "ரெண்டு புதிய திட்டம். முதலாவது, பொதுமக்கள் பங்கேற்பு. எத்தனை நாளைக்குத்தான் அதிகாரிகளே அடிக்கிறது? மக்களுக்குக் கையில்லையா? ரெண்டாவது, இது வெறும் வேன் இல்ல, தூங்குற வேன். இதுவரைக்கும் நாங்க ஆளில்லாத வேனை அடிச்சிருக்கோம். பெரிய தவறு! ஆளை உள்ள வச்சு அடிச்சாத்தானே வேனோட குணம் தெரியும்? உள்ள இருக்கிற ஆளுக்குத் தூக்கம் வந்தா வேன் நல்ல வேன்."

"தூக்கம் வராட்டி?" என்றேன்.

"வர்ற வரைக்கும் அடிப்போம்," என்றார் அன்பாக. "உங்க ரெண்டு பேர்ல தூக்கம் வராத ஆள் யாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் ரபீகா, "நான்," என்றாள்.

"ரபீகா, வேணாம். நான் படுக்கிறன்."

"நீங்க படுத்தவுடன தூங்குவீங்க, அது பரிசோதனை இல்ல," என்றாள். பிறகு கணேஸிடம் கையை நீட்டினாள். "சாவியத் தாங்க தம்பி. உள்ள புழுக்கம். பேன் போடணும்."

கணேஸ் சாவியைக் கொடுத்தார். ரபீகா ஏறிக் கதவை உள்ளிருந்து பூட்டினாள். தாரா படத் திரை இழுபட்டது.

விளக்கு ஏற்றினார்கள். வெற்றிலை கொடுத்தார்கள். மௌனம் காத்தார்கள். சந்திரகுமார், "உள்ள இருக்கிற அம்மா, மன்னிச்சுக்கங்க," என்றார். பிறகு எல்லோரும் சேர்ந்து அடிக்கத் தொடங்கினார்கள்.

விரல், மரம், இரும்பு என்ற வரிசையெல்லாம் அன்றைக்கு இல்லை. நாலாபுறமும் பொல்லுகள். முதலில் சும்மா பட்டும் படாமலும் அடித்தவர்கள்கூட, பக்கத்தில் நிற்பவன் அடிக்கும் அடியைப் பார்த்துவிட்டுக் கையை ஓங்கினார்கள். பின் கண்ணாடி நொறுங்கி விழுந்தது. குடைக்காரர் குடையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கைகளாலும் அடித்தார். அவர் வாயோரத்தில் நுரை. ஒருவர் ஓங்கிய பொல்லு பின்னால் நின்றவரின் கண்புருவத்தைப் பிளந்தது. அவர் இரத்தத்தைத் துடைத்துக்கொண்டு இன்னும் வேகமாக அடித்தார். மதிலுக்கு வெளியே போனவர்கள் சத்தம் கேட்டு மதிலேறி உள்ளே குதித்தார்கள்.

பாண்காரரின் தோளைப் பிடித்து உலுக்கினேன். "ஏன் அடிக்கிறீங்க? இது யார்ட வேன் எண்டு தெரியுமா?"

"தெரியாதே," என்றார் மூச்சிரைக்க. "எல்லாரும் அடிக்கிறாங்க."

அந்தச் சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஆனால் கேட்டவுடன் தெரிந்துகொண்டேன். ரபீகா இத்தனை வருடமாகத் தூங்காமல் கேட்டுக்கொண்டிருக்கும் சத்தம் இதுதான். அன்றைக்கு நான் கொழும்பில் இருந்தேன். இன்றைக்குப் பத்தடி தூரத்தில் நிற்கிறேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. வெடித்த விலாவோடு கூட்டத்துக்குள் பாய்ந்தேன். முதல் பொல்லு தோளில் விழுந்தது, அடுத்தது காதில். காதிலிருந்து சூடாக ஏதோ வழிந்தது.

"கொள்வனவாளர் பரிசோதனைப் பகுதிக்குள்ள வரக் கூடாது!" என்று கத்தினார் ராஜரத்தினம். அவர் வேனுக்கு நேர் முன்னால் கதிரை போட்டு, மேசையில் விளக்கு வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "என்ன, தூங்கிட்டாங்களா?"

சந்திரகுமார் ஜன்னல் திரையின் இடுக்கில் முகத்தை வைத்து உள்ளே பார்த்தார். "கட்டில்ல ஆளில்ல சேர்!"

எஞ்சின் உறுமியது.

சுற்றி நின்றவர்கள் சிதற, நீல வேன் முதலில் பின்னால் போய், பொல்லு அடுக்கைச் சுவரோடு சேர்த்து நசுக்கியது. பிறகு முன்னால் பாய்ந்தது. மேசை போனது. குத்துவிளக்கு போனது. கதிரையும் போனது, ராஜரத்தினம் ஒரு கணம் முந்திக்கொண்டு பக்கத்துச் சாக்கடைக் கானுக்குள் குதித்துவிட்டார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. டங் என்றும் சொல்ல முடியாது, தொப் என்றும் சொல்ல முடியாது. பக்கக் கண்ணாடியைப் பிடித்துத் தொங்கிய சந்திரகுமாரை வேன் கேற் வரைக்கும் இழுத்துப் போய் அங்கே உதிர்த்தது. கேற் பூட்டியிருந்தது. ரபீகா நிறுத்தவில்லை. இரண்டு இரும்புக் கதவுகளும் பிய்ந்து, மூன்று மொழிப் பலகையோடு சேர்ந்து ரோட்டில் விழுந்தன. வேன் அவற்றின் மேல் ஏறி, வளைவில் திரும்பி, மறைந்தது.

முற்றத்தில் அறுபது எழுபது பேர் ஓங்கிய பொல்லுகளோடு நின்றார்கள். அடிப்பதற்கு ஒன்றும் இல்லை. பிறகு குடைக்காரர் திரும்பிச் சபையின் வெள்ளை ஜீப்பைப் பார்த்தார்.

போய் விரல் முட்டியால் தட்டினார். தொப்.

"பட்டி!" என்று யாரோ கத்தினார்கள்.

சபையின் ஜீப் ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. கதவு முழுக்கப் பட்டி, கூரை முழுக்கப் பட்டி, தகரம் என்று சொல்ல இலக்கத் தகடு ஒன்றுதான். கானுக்குள்ளிருந்து ராஜரத்தினம், "டேய், அது அரசாங்கச் சொத்து! நிறுத்துங்க! நான் தலைவர்!" என்று கத்தினார். அதுதான் அவர் செய்த பிழை. அதுவரை கூட்டம் அவரை மறந்திருந்தது. மூக்கு கோணிய கணேஸ் கானின் ஓரத்துக்கு வந்து கீழே குனிந்து பார்த்தார். தாடைக் கட்டை அவிழ்த்தார்.

"உரிமையாளர் தட்டு," என்றார், மிகத் தெளிவாக.

சந்திரகுமார் தோல் உரிந்த முழங்கால்களோடு நொண்டி நொண்டி வந்து சேர்ந்தார். கையில் இரும்புச் சுத்தியல். "சந்திரகுமார்! என்னைத் தெரியலையா?" என்றார் ராஜரத்தினம்.

"தெரியும் சேர்," என்றார் சந்திரகுமார். "பாதுகாப்புக்குத்தான். மன்னிச்சுக்கங்க."

அதற்குப் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. கேட்டது மட்டும் உண்டு. தலைவர் எந்த வகைத் தகரம் என்று இன்றுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

நான் ரோட்டுக்கு ஓடிவந்து ஒரு முச்சக்கர வண்டியை மறித்து ஏறினேன். ரபீகா தொலைபேசியை எடுக்கவில்லை. மெனிக்கின்னை கடைகளில் விசாரித்தேன். ஒரு நீல வேன், உடம்பெல்லாம் அடிபட்ட வேன், பொம்பிளை ஒருத்தர் ஓட்டிக்கொண்டு போனார் என்றார்கள். எங்கே மோதியிருக்கிறாளோ, எந்தப் பள்ளத்தில் கிடக்கிறாளோ என்று ஒவ்வொரு வளைவிலும் எட்டிப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்குப் போவோம், காதில் இரத்தம் ஊத்துது என்றார் வண்டிக்காரர். ஓட்டுங்க என்றேன்.

திகனையைத் தாண்டி, நீர்த்தேக்கம் தெரியும் ஒரு வளைவில் வேன் நின்றது. ஓரமாக, அழகாக, கைப்பிரேக் போட்டு நிறுத்தியிருந்தாள். பின் கண்ணாடி இல்லை. பக்கக் கண்ணாடி வயரில் தொங்கியது. கூரையிலிருந்து சில்லு வரைக்கும் அங்கீகார நசுங்கல். கை வைக்க நல்ல இடம் ஒன்றுகூட இல்லை. கதவு உள்ளே பூட்டியிருந்தது.

"ரபீகா!" என்று கூப்பிட வாயைத் திறந்தேன். தட்டுவதற்குக் கையும் உயர்ந்துவிட்டது. அப்போது உடைந்த கண்ணாடி வழியாக உள்ளே தெரிந்தது.

ரபீகா கட்டிலில் குறுக்காக, கையைக் காலை அகட்டிப் போட்டுப் படுத்திருந்தாள். வாய் திறந்திருந்தது. நன்றாகக் குறட்டை விட்டாள். தலைமுக்காட்டில் கண்ணாடித் தூள் மினுங்கியது. அவளுடைய செருப்பு இரண்டும் கட்டிலுக்குக் கீழே ஜோடியாகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தன.

நான் கையை இறக்கினேன். அழுகை வந்தது, அழுதேன்.

வண்டிக்காரர் பின்னால் வந்தார். "என்ன நானா, பூட்டிக்கிட்டாங்களா? இருங்க, தட்டிக் கூப்புடுறேன்," என்று விரலை மடக்கிக்கொண்டு வேனை நோக்கிப் போனார்.

அவருடைய மணிக்கட்டைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் முறுக்கினேன். அவர் வலியில் முட்டி போட்டுவிட்டார். நான் ஆயுளில் யாரையும் கை நீட்டி அடித்தவனல்ல. கண்ணாடி உடைத்துக்கொண்டு வரும் பிள்ளைகளைக்கூட ஏசியதில்லை.

"தட்டினா கைய ஒடச்சிருவன்," என்றேன் அவர் காதில், சத்தமில்லாமல்.

அவர் கையைத் தேய்த்துக்கொண்டு தள்ளிப் போய் நின்றார். நான் வேனின் முன் சில்லில் முதுகைச் சாய்த்து ரோட்டோரத்தில் குந்தினேன். பஸ் ஒன்று ஹோன் அடித்துக்கொண்டு வளைவில் திரும்பியது. எழுந்து நடுரோட்டுக்குப் போய், இரண்டு கைகளையும் விரித்து அதை மறித்து, ஹோன் அடிக்காமல் போகச் சொன்னேன். பிறகு வந்த லொறிக்கும் சொன்னேன். அவள் எழும்பும் வரைக்கும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.